ஸ்கூட்டி சத்தம் போட்டால்: பெல்ட், கிளட்ச், பிரேக் பற்றிய முழுமையான வழிகாட்டி

காலி வீதியில் காலை எட்டு மணிக்குப் போகிற ஸ்கூட்டி ஓடுகிறது என்று சொல்ல முடியாது. நகர்கிறது, நிற்கிறது, மறுபடி நகர்கிறது. வெள்ளவத்தைச் சந்தையிலிருந்து கொள்ளுப்பிட்டி போய்ச் சேர்வதற்குள் கிளட்ச் எத்தனை தடவை பிடித்து விடுகிறதோ, பிரேக்கும் அத்தனை தடவை உரஞ்சுகிறது. போதாததற்குக் கடற்காற்று, ஒக்டோபர் மழை, பின்சீற்றில் ஆள், முன்னால் மரக்கறிப் பை. மேனுவலில் எழுதியிருக்கும் கிலோமீற்றர் கணக்கெல்லாம் இதைவிடச் சொகுசாக வாழும் வண்டிகளுக்கானது. ஹொண்டா டியோவோ டிவிஎஸ் என்டோர்க்கோ யமஹா ரே இசட்ஆரோ, கொழும்பில் ஓடினால் கொஞ்சம் முன்கூட்டியே சத்தம் போடத் தொடங்கிவிடும்.

சத்தத்தோடு கராஜுக்குப் போனால் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: "பெல்ட், ரோலர் செட்டோட மாத்துவம்." சில வேளை அது சரியாகவும் இருக்கும். ஆனால் சத்தம் ஒரு பெயரிங்கிலிருந்தோ தேய்ந்த கிளட்சிலிருந்தோ வந்திருந்தால், காசு போன பிறகும் அது அப்படியே இருக்கும். சாமான் வாங்குவதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை தேடுங்கள். சத்தம் எதோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது? என்ஜின் சுற்றோடா, சில்லின் வேகத்தோடா, பிரேக் பிடிக்கும்போதா? பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 தொடக்கத்தில் மறுபடி அனுமதிக்கப்படும் வரை, இருக்கிற வண்டியைத்தான் நாம் எல்லோரும் இழுத்துப் பறித்து ஓட்டினோம். இன்று வீதியில் காணும் ஸ்கூட்டிகளில் நிறைய அந்தக் காலத்து உழைப்பாளிகள். ஆகவே பெல்ட் கேஸைத் திறந்து பார்க்கும் பழக்கம் இப்போது ஆடம்பரமில்லை.

உள்ளே என்ன நடக்கிறது

இடது பக்கம் நீளமாக இருக்கும் அந்தக் கேஸுக்குள் முன்னால் ஒரு கப்பி, பின்னால் ஒரு கப்பி, இரண்டையும் சுற்றி ஒரு வி வடிவப் பெல்ட். முன் கப்பியின் பெயர் வேரியேட்டர். அதற்குள் ஆறு ரோலர்கள். என்ஜின் சுற்று ஏற ஏற ரோலர்கள் வெளியே வீசப்பட்டு, கப்பியின் அசையும் முகத்தைப் பெல்ட் பக்கம் தள்ளும். பெல்ட் முன்னால் மேலேறும், பின் கப்பியில் ஸ்பிரிங்கை விரித்துக்கொண்டு கீழிறங்கும். கியர் மாறுவது இப்படித்தான். நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் 1958இலேயே இந்த முறையைக் காரில் வைத்துக் காட்டிவிட்டது, ஆகவே புதுமை ஒன்றுமில்லை.

பின் கப்பியோடு சேர்ந்தது கிளட்ச். சுற்று கூடியதும் அதன் மூன்று ஷூக்கள் விரிந்து, வெளியே இருக்கும் மணி போன்ற கிண்ணத்தைப் பிடிக்கும். கராஜில் அதை பெல் என்பார்கள். பெல்லிலிருந்து சிறிய கியர் பெட்டி வழியாகச் சில்லு.

இதில் ஒரு விஷயத்தை மட்டும் நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டி நின்றபடி ஐட்லிங்கில், அதாவது அக்ஸிலேட்டரைத் திருகாமல் என்ஜின் ஓடியபடி இருக்கும்போது வேரியேட்டர், பெல்ட், பின் கப்பி, கிளட்ச் ஷூ எல்லாம் சுற்றிக்கொண்டிருக்கும். பெல், கியர் பெட்டி, சில்லு மூன்றும் சும்மா இருக்கும். கீழே சொல்லும் சோதனைகள் எல்லாம் இந்தப் பிரிவை வைத்துத்தான்.

கருவியைத் தொடும் முன் நான்கு சோதனைகள்

இடத்தைப் பாருங்கள் முதலில். பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை அடுக்குமாடிகளின் கீழ்த்தளத் தரிப்பிடங்களில் காற்றோட்டம் குறைவு. அங்கே என்ஜினை ஓடவிட்டுக் காது கொடுத்துக்கொண்டிருந்தால் புகையில் தலை சுற்றும். வெளியே, சமதரையில், செண்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள்.

முதலாவது, என்ஜினை நிறுத்திவிட்டுப் பின்சில்லைக் கையால் சுற்றுங்கள். இப்போது சுழல்வது சில்லு, அதன் பெயரிங், கியர் பெட்டி, பெல், பிரேக் மட்டும். கரகரப்போ உரஞ்சலோ கேட்டால் பெல்ட், ரோலர் பற்றிய கவலையை விட்டுவிடலாம். சில்லைப் பக்கவாட்டில் ஆட்டியும் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பெயரிங்கையோ கியர் பெட்டித் தண்டையோ சந்தேகிக்க வேண்டும்.

இரண்டாவது, என்ஜினை ஐட்லிங்கில் விட்டுப் பின்பிரேக்கைப் பிடியுங்கள். சில்லு நிற்கிறது. இப்போதும் சத்தம் இருந்தால் அது சில்லு நின்றாலும் சுற்றுகிற பெல்ட் பக்கக் கூட்டத்தின் வேலை. நீளமான ஸ்குரூடிரைவரின் நுனியைக் கேஸில் வைத்து, பிடியைக் காதோரம் ஒட்டிக் கேளுங்கள். கேஸின் முன்முனை, நடு, பின்முனை என்று மூன்று இடங்களில் வைத்துப் பார்த்தால் எங்கே உரக்கக் கேட்கிறது என்று தெளிவாகத் தெரியும். நீண்ட தலைமுடி, சால்வை, துப்பட்டா எதுவும் சில்லுப் பக்கம் போகக் கூடாது.

மூன்றாவது, அமைதியான ஒழுங்கை ஒன்றில் மெதுவாக ஓட்டி அக்ஸிலேட்டரைத் திருகி விட்டு, திருகி விட்டுப் பாருங்கள். சில்லின் வேகம் மாறாமல் என்ஜினின் பாரம் மட்டும் மாறும். திருகும்போது மட்டும் வந்து விட்டதும் போகிற சத்தம் பெல்ட் பக்கத்தது. இரண்டிலும் ஒரே மாதிரி ஊளையிட்டு, வேகத்தோடு மட்டும் ஏறி இறங்கினால் கியர் பெட்டியோ சில்லுப் பெயரிங்கோ. வெறும் டயரின் உறுமலும் இப்படிக் கேட்பதுண்டு, காற்றுக் குறைந்த டயரை முதலில் சரிபாருங்கள்.

நான்காவது, பிரேக்கை லேசாகத் தொட்டுக்கொண்டே ஓட்டுங்கள். தொட்டதும் தொடங்கினால், அல்லது தொட்டதும் நின்றால், பிரேக்தான். தொட்டதும் நிற்கிற சத்தத்தைப் பலர் கவனிப்பதில்லை. டிஸ்க் பேட் தளர்ந்து ஆடும்போது கேட்பது அதுதான்.

எந்தச் சத்தம் எங்கிருந்து

ஐட்லிங்கில் கடகடவென்று ஒழுங்கில்லாமல் ஆடி, கொஞ்சம் திருகியதும் அடங்கினால், சத்தமும் முன்முனையில் கேட்டால், ரோலர் தேய்ந்திருக்கும். அல்லது வேரியேட்டரின் பின்தட்டில் இருக்கும் மூன்று பிளாஸ்டிக் சிலைடர்கள் தேய்ந்து தட்டு தளர்ந்திருக்கும். சிலைடர்கள் மிகச் சிறிய சாமான். ரோலர் மாற்றும்போது அவற்றை மாற்றாமல் விட்டுவிட்டுப் பிறகு "புது ரோலரிலும் சத்தம்" என்று குறைசொல்வது சாதாரணமாக நடக்கும்.

இதே ஐட்லிங் சத்தம் பின்முனையில், மணல் அரைபடுவதுபோல் கேட்டு, வண்டி புறப்பட்டதும் மாயமானால் பின் கப்பியின் உள்பெயரிங்கைப் பாருங்கள். கிளட்ச் பிடித்துவிட்டால் கப்பியும் தண்டும் சேர்ந்தே சுற்றும், அந்தப் பெயரிங்குக்கு வேலை இருக்காது. அதனால்தான் ஓட்டத்தில் சத்தம் இல்லை. பெல்ட் ரோலர் செட் முழுவதும் மாற்றியும் தீராத சத்தங்களில் இது முக்கியமானது.

புறப்படும்போது கீச்சிடுவதும் கைபிடி அதிர உதறுவதும் கிளட்ச். ஷூ கண்ணாடிபோல் மினுங்கிப் போயிருக்கும், அல்லது தூசி நிறைந்திருக்கும், அல்லது எங்கிருந்தோ ஒயில் கசிந்து பட்டிருக்கும். என்ஜின் கத்துகிறது ஆனால் வண்டி நகர்வதில்லை என்றால் பெல்ட் வழுக்குகிறது அல்லது கிளட்ச் தேய்ந்துவிட்டது. முன்பு எட்டிய வேகம் இப்போது எட்டவில்லை, சத்தமும் பெரிதாக இல்லை என்றால் பெல்ட் ஒடுங்கியிருக்கலாம், ரோலர் ஒரு பக்கம் தட்டையாகிச் சிக்கிக்கொண்டிருக்கலாம்.

டப், டப் என்று கேஸின் உள்ளே ஏதோ அடிக்கும் சத்தம் மட்டும் அவசரம். பெல்ட்டின் ஓரம் பிரிந்து இழை கேஸில் அடிக்கிறது. வண்டியை அங்கேயே நிறுத்துங்கள். பெல்ட் அறுந்தால் நடுவீதியில் நிற்பது மட்டுமில்லை, அறுந்த துண்டு சுருண்டு கிளட்சையோ கேஸையோ உடைக்கவும் கூடும்.

கேஸைத் திறப்பது

வேண்டியவை: 8, 10 மி.மீ. டி ஸ்பனர், வேரியேட்டர் நட்டுக்கும் கிளட்ச் நட்டுக்கும் பொருத்தமான சொக்கட், கப்பியைச் சுற்றாமல் பிடிக்கும் கருவி, இறுக்கும் அளவைக் காட்டும் டோர்க் ரென்ச், அகலம் அளக்கும் வேர்னியர், இறப்பர் சுத்தியல், பிரேக் கிளீனர், முகக்கவசம். உங்கள் மாடலின் சேர்விஸ் மேனுவல் கையில் இருக்க வேண்டும், குறைந்தது நட் இறுக்கும் அளவுகளாவது தெரிந்திருக்க வேண்டும். அதெல்லாம் இல்லை என்றால் திறந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பார்வையிடுவதற்கே பெறுமதி உண்டு.

என்ஜின் நன்றாக ஆறட்டும். சாவியை எடுத்துவிடுங்கள். கிக்கர் கேஸோடு இருக்கும் மாடல்களில் கிக்கரை எந்தக் கோணத்தில் மாட்டியிருந்தார்கள் என்று கறுப்புப் பேனாவால் குறித்துவிட்டுக் கழற்றுங்கள். கேஸ் போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளமில்லை. ஒரு அட்டையில் கேஸின் வடிவத்தைக் கீறி, ஒவ்வொரு போல்ட்டையும் அதன் இடத்தில் குத்தி வையுங்கள். நீளமானதைக் குட்டையான துளையில் ஏற்றி இறுக்கினால் அலுமினியம் வெடிக்கும்.

போல்ட்டெல்லாம் கழன்ற பிறகும் கேஸ் வராது. இறப்பர் சுத்தியலால் சுற்றிவரத் தட்டுங்கள். ஸ்குரூடிரைவரைச் செருகிக் கிளப்பினால் கேஸ்கெட் முகம் பழுதாகி மழைத்தண்ணீருக்கு வழி திறந்துவிடும். உள்ளே வழிகாட்டிக் குச்சிகள் இரண்டு இருக்கும், விழுந்து தொலைவது அவைதான்.

உள்ளே கறுப்புத் தூள் இருப்பது வழமை. அதை வாயால் ஊதாதீர்கள், கொம்பிரசர் காற்றும் வேண்டாம். பெல்ட்டும் கிளட்ச் லைனிங்கும் தேய்ந்த தூள் அது, மூச்சில் போகக் கூடாது. ஈரத் துணியால் துடைத்து, மிச்சத்தை பிரேக் கிளீனரால் கழுவுங்கள். தூள் சேறாகிப் பளபளத்தால் ஒயில் கசிகிறது. முன்பக்கம் ஈரம் என்றால் கிரேங்க் (என்ஜினின் தண்டு) சீல், பின்பக்கம் என்றால் கியர் பெட்டிச் சீல். சீலைச் சரிசெய்யாமல் புதுப் பெல்ட் போடுவது வீண் செலவு.

பெல்ட், வேரியேட்டர்

முன் நட்டைக் கழற்றும்போது கப்பியின் விசிறி இறக்கைகளில் ஸ்குரூடிரைவரை முட்டுக் கொடுத்துப் பிடிப்பது நம் ஊர் வழக்கம். இறக்கை உடைந்தால் சமநிலை போய்விடும், கேஸுக்குள் குளிர்காற்றும் குறையும். பிடிகருவி பெரிய விலை இல்லை, வாங்கிவிடுங்கள்.

பெல்ட்டை வெளியே எடுத்துப் பல்லுப் பக்கம் வெளியே வரும்படி வளைத்துப் பாருங்கள். பல்லுகளின் அடியில் வெடிப்பு, ஓரத்தில் இழை, ஒயில் ஊறல், ஏதாவது ஒன்று இருந்தாலும் அது குப்பைக்கு. பிறகு வேர்னியரால் மூன்று நான்கு இடங்களில் அகலம் அளவுங்கள். எல்லை மாடலுக்கு மாடல் வேறு. ஆனாலும் 110, 125 சிசி வண்டிகளில் புதிதைவிடச் சுமார் 1 மி.மீ. ஒடுங்கினாலே முடிவை நெருங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். பல கம்பனிகள் 20,000 முதல் 24,000 கிலோமீற்றரில் பெல்ட்டை மாற்றச் சொல்கின்றன. கொழும்பு நெரிசலில் ஓடும் வண்டியை 8,000 அளவிலேயே ஒருதரம் திறந்து பார்ப்பேன். பழைய பெல்ட்டையே திரும்பப் போடுவதானால் அம்புக்குறி பார்த்து அதே திசையில் போடுங்கள். அம்புக்குறி அழிந்திருந்தால் கழற்றும் முன்பே சுண்ணக்கட்டியால் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

வேரியேட்டரை இழுக்கும்போது பின்தட்டை விரல்களால் சேர்த்துப் பிடியுங்கள், இல்லாவிட்டால் ரோலர்கள் தரையில் உருளும். எந்த ரோலர் எந்தக் குழியில், எந்தப் பக்கம் வெளியே என்று ஒரு படம் எடுத்து வையுங்கள். ரோலரை விரலால் உருட்டினால் தட்டையான இடம் உடனே தட்டுப்படும். ஆறில் ஒன்றுதான் தட்டை என்றாலும் ஆறையும் மாற்ற வேண்டும், அதே கிராம் எடையில். எடை குறைந்த ரோலர் போட்டால் புறப்படும்போது துள்ளும் என்று பொடியன்கள் மாற்றுவார்கள். துள்ளும்தான். என்ஜின் எந்நேரமும் கூடுதல் சுற்றில் கத்தும், பெற்றோலும் கூடக் குடிக்கும். அலுவலகம் போய்வரும் வண்டிக்கு அது தேவையில்லை.

ரோலருக்குக் கிரீஸ் பூசலாமா என்று நிறையப் பேர் கேட்பார்கள். கம்பனி தானே கிரீஸ் அளவு சொல்லியிருக்கிற, சீல் வைத்த சில வேரியேட்டர்களைத் தவிர, வேண்டாம். சுழற்சியில் அது வெளியே தெறித்துப் பெல்ட்டில் படும். கப்பியின் இரண்டு முகங்களையும் பிரேக் கிளீனரால் துடைத்து, விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் சிக்கும் படி இருந்தால் புதுப் பெல்ட் போட்டும் பழைய குணம் போகாது, முகத்தையும் மாற்ற வேண்டும்.

கிளட்ச்

பெல்லைக் கழற்றி உள்ளே பாருங்கள். நீலம் பாய்ந்திருந்தால் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. நெரிசலில் பிரேக்கைப் பிடித்தபடி அக்ஸிலேட்டரைக் கொஞ்சம் திருகி வைத்திருக்கும் பழக்கமே இதற்குப் பெரிய காரணம். சிக்னலில் நின்றால் கையை முழுதாக விட்டுவிடுங்கள். வாகன வரிசை ஒரு சாண் நகர்ந்தால் உடனே நாமும் ஒரு சாண் நகர வேண்டியதில்லை, இடைவெளி கொஞ்சம் விரியட்டும்.

ஷூ லைனிங் பல மாடல்களில் 2 மி.மீ. வரை இறங்கலாம். அதற்குமேல் இருந்து, மேற்பரப்பு மட்டும் மினுங்கினால், எமரிக் கடதாசியால் சாய்வாகக் கீறி மினுக்கத்தை எடுங்கள், பெல்லின் உட்பக்கத்தையும் அப்படியே. பிறகு நன்றாகக் கழுவுங்கள். உதறல் பெரும்பாலும் இதோடு போய்விடும். சில மாதத்தில் திரும்பி வந்தால் ஷூ மாற்றும் நேரம்.

பின் கப்பியைப் பிரிப்பது வேறு கதை. நடு நட்டுக்குப் பின்னால் பெரிய ஸ்பிரிங் ஒன்று அமுங்கிக் காத்திருக்கிறது. அமுக்கிப் பிடிக்கும் கருவி இல்லாமல் நட்டைக் கழற்றினால் கிளட்ச் முகத்துக்கு நேரே பாயும். பின்முனைப் பெயரிங் மாற்றுவதற்கு இதைப் பிரித்தே ஆக வேண்டும். அந்த வேலையைக் கருவி வைத்திருக்கும் கராஜ் பாஸிடம் கொடுங்கள். கூலி அதற்குத் தகும்.

பூட்டும்போது நடக்கும் பெரிய பிழை

வீட்டில் பெல்ட் மாற்றியவர்கள் நூறு கிலோமீற்றருக்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவதற்குக் காரணம் பெரும்பாலும் இது ஒன்றுதான். முன் கப்பியின் வெளிமுகத்துக்கும் நடுப் புஷ்ஷுக்கும் (தண்டின்மேல் இருக்கும் உருளைக் குழாய்) இடையே பெல்ட் மாட்டியிருக்கும்போதே நட்டை இறுக்கிவிடுவார்கள். இறுகிவிட்டதுபோல் தெரியும். என்ஜின் ஓடிப் பெல்ட் மேலேறியதும் இடைவெளி விழும், நட் தளரும், முகம் தண்டின் பல்லுகளை வழித்துவிடும். பிறகு கிரேங்க் வரைக்கும் செலவு.

தவிர்க்கும் வழி:

1. பின் கப்பியின் இரண்டு முகங்களையும் கையால் விரித்து, பெல்ட்டை அதன் ஆழத்துக்கு அமுக்குங்கள். அப்படியே ஒரு சீலைத் துண்டாலோ கிளிப்பாலோ நிறுத்தி வைக்கலாம்.
2. முன்பக்கம் பெல்ட் தொளதொளவென்று தொங்க வேண்டும். தொங்கவில்லை என்றால் முதல் படி சரியாக நடக்கவில்லை.
3. பெல்ட்டைப் புஷ்ஷின்மேல் படியவிட்டு, வெளிமுகத்தைத் தண்டின் பல்லுகளில் முழுதாக ஏற்றுங்கள். முகம் உட்கார்ந்த பிறகு தண்டின் பல்லுகள் வெளியே தெரிகின்றனவா என்று குனிந்து பாருங்கள்.
4. நட்டைக் கையால் ஓட்டி, பிடிகருவியால் பிடித்து, மேனுவல் சொல்லும் அளவுக்கு டோர்க் ரென்ச்சால் இறுக்குங்கள். இம்பக்ட் கன்னால் கண்மூடி இறுக்குவதை நான் ஒப்புக்கொள்வதில்லை.
5. பின்சில்லைக் கையால் சுற்றி, பெல்ட் பின்னால் மேலேறி இறுக வையுங்கள். பிறகு கேஸ்.

செண்டர் ஸ்டாண்டில் என்ஜினை ஓட்டினால் பின்சில்லு மெதுவாகச் சுழலலாம், அது சாதாரணம். பிரேக்கை லேசாகத் தொட்டாலும் நிற்காமல் வேகமாகச் சுற்றினால் ஐட்லிங் கூடிவிட்டது, அல்லது கிளட்ச் ஸ்பிரிங் ஒன்று உடைந்திருக்கிறது. அந்த நிலையில் ஸ்டாண்டிலிருந்து இறக்காதீர்கள்.

கியர் ஒயிலும் வெள்ளத் தண்ணீரும்

என்ஜின் ஒயிலை ஒழுங்காக மாற்றுகிறவர்கள்கூடப் பின் கியர் பெட்டிக்குத் தனி ஒயில் இருப்பதை மறந்துவிடுவார்கள். 110 சிசி வண்டிகளில் அது 100 முதல் 120 மில்லிலீற்றர்தான், ஒரு தேநீர்க் கோப்பை அளவுகூட இல்லை. எந்தத் தரம் என்பது கம்பனிக்குக் கம்பனி மாறும். வடியும் பழைய ஒயிலில் வெள்ளித் தூள் மினுங்கினால் கியரோ பெயரிங்கோ தேய்கிறது. பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது.

தண்ணீர் எப்படிப் போகும் என்று வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. களனி கங்கை பெருகும்போது சில்லு மூழ்கும் தண்ணீரில் வண்டி நின்றால் கியர் பெட்டியின் மூச்சுக்குழாய் வழியாகவும், பெல்ட் கேஸின் காற்று வழியாகவும் தண்ணீர் ஏறும். அப்படி நின்ற வண்டியை உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். என்ஜினின் காற்று வடிகட்டியைத் திறந்து தண்ணீர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கேஸின் அடியில் வடிகால் மூடி இருந்தால் அதைத் திறந்து விடுங்கள், இல்லாவிட்டால் கேஸையே திறக்க வேண்டும். பெல்ட்டைக் கழுவிக் காயவைத்து, கிளட்ச் பெல்லில் கறள் பிடிக்கும் முன் துடைத்து, கியர் ஒயிலையும் என்ஜின் ஒயிலையும் மாற்றுங்கள். டிரம் பிரேக்கையும் அன்றே திறந்து பார்ப்பது நல்லது.

சேர்விஸ் நிலையத்தில் வண்டி கழுவும்போது கேஸின் காற்று வாய்க்கு நேரே பிரஷர் தண்ணீர் அடிக்க விடாதீர்கள். கழுவி எடுத்து வரும் வழியிலேயே பெல்ட் வழுக்குகிறது என்று வருகிறவர்களுக்கு நோய் இதுதான்.

டிரம் பிரேக்

டியோ போன்ற வண்டிகளில் 130 மி.மீ. டிரம். பிரேக் பிடியின் நுனியில் 10 முதல் 20 மி.மீ. சும்மா அசைய வேண்டும். அதற்குமேல் போனால் பின்சில்லின் பக்கமிருக்கும் நட்டை அரைச் சுற்று, அரைச் சுற்றாக இறுக்குங்கள். நட்டின் வளைந்த முகம் குச்சியில் சரியாக உட்கார வேண்டும், இல்லாவிட்டால் ஓட்டத்தில் அசைந்து தளரும். பிறகு சில்லைச் சுற்றிப் பாருங்கள், உரஞ்சாமல் சுற்ற வேண்டும். இடதுபிடி இரண்டு பிரேக்கையும் சேர்த்து இழுக்கும் வகை என்றால் பின்னால் இறுக்கியதும் முன்னால் எப்போது பிடிக்கிறது என்பதும் மாறும், மேனுவல் சொல்லும் ஒழுங்கிலேயே இரண்டையும் சரிசெய்ய வேண்டும்.

பிரேக் நெம்புகோலின் அடியில் ஒரு அம்புக்குறி இருக்கும். பிடியை முழுதாக அழுத்தும்போது அது தட்டிலுள்ள குறியைத் தொட்டால் ஷூ முடிந்தது. சில இடங்களில் நெம்புகோலைக் கழற்றி ஒரு பல்லுத் தள்ளி மாட்டி, "இன்னும் கொஞ்ச நாள் ஓடும்" என்று தருவார்கள். இதை ஒருபோதும் ஒத்துக்கொள்ளாதீர்கள். அம்புக்குறியின் அர்த்தமே போய்விடும், தேய்ந்த ஷூவை விரிக்கும் கேம் அளவுக்குமீறித் திரும்பிச் சில்லை அப்படியே பூட்டவும் கூடும்.

கீச்சிடும் டிரம்மைத் திறந்தால் பெரும்பாலும் தூளும் மினுங்கிய ஷூவும்தான். தூளை ஈரத் துணியால் எடுங்கள், பழைய மலிவு ஷூக்களில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம் என்று நினைத்தே கையாளுங்கள். ஷூவை எமரியால் லேசாகத் தேய்த்து, முனைகளைச் சற்றுச் சரித்துவிடுங்கள். கேமைக் கழற்றிக் கறளை எடுத்து, சூடு தாங்கும் கிரீஸை மெல்லியதாகப் பூசிப் பூட்டுங்கள். மரைன் டிரைவ் பக்கம் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு இந்தக் கேம்தான் பெரிய தலைவலி. உப்புக்காற்றில் இறுகி, பிடியை விட்டாலும் பிரேக் முழுதாக விடாது. டிரம் சுடும், பெற்றோல் கூடும், சத்தமும் வரும். ஓடி நிறுத்தியதும் கையை டிரம்முக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட வேண்டாம், சூடு தெரியும்.

லைனிங் 2 மி.மீ. அளவில் இருந்தால் மாற்றுங்கள். டிரம்மின் உள்விட்டத்தையும் அளவுங்கள், அனுமதிக்கும் அதிக அளவு பெரும்பாலும் டிரம்மிலேயே பொறித்திருக்கும்.

டிஸ்க் பிரேக்

என்டோர்க்கின் முன்னால் 220 மி.மீ. டிஸ்க், பின்னால் டிரம். இரவு மழையில் நனைந்த டிஸ்க் காலையில் முதல் இரண்டு பிரேக்குக்குக் கரகரக்கும், மேற்கறள் அழிந்ததும் நின்றுவிடும். நிற்காமல் இரும்போடு இரும்பு உரஞ்சினால் பேட் தீர்ந்து பின்தகடு டிஸ்க்கைத் தின்கிறது. அன்றைக்கே மாற்ற வேண்டும்.

பேட் மாற்றும்போது பிஸ்டனை உள்ளே தள்ளினால் மேலே குப்பியில் பிரேக் ஒயில் உயரும், வழியாமல் கவனியுங்கள். அது பெயின்றைத் தின்றுவிடும், சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். பேட்டைப் பிடித்திருக்கும் கெலிப்பர் வழுக்கி ஓடும் இரண்டு ஊசிகளைக் கழற்றித் துடைத்து, பிரேக்குக்கென்று விற்கும் சிலிக்கோன் கிரீஸ் பூசுங்கள். ஒரு பேட் மட்டும் தேய்ந்து மற்றது புதிதாகவே இருந்தால் அந்த ஊசி இறுகியிருக்கிறது. சாதாரணக் கிரீஸ் இறப்பர் உறையை ஊதவைக்கும். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிப்பும் அதிலேயே பொறித்திருக்கும்.

பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், நம் ஊரில் ஈரத்துக்கு என்ன குறை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். குப்பி மூடியில் டொட் 3, டொட் 4 என்று எந்தத் தரம் எழுதியிருக்கிறதோ அதுவே, புதிதாகத் திறந்த போத்தலிலிருந்து. பிடி பஞ்சுபோல் அமுங்கினால் காற்று ஏறியிருக்கிறது. கெலிப்பரின் வடிகால் முனையில் தெளிவான குழாயை மாட்டி, மறுமுனையை ஒயிலுள்ள போத்தலுக்குள் விடுங்கள். பிடியைச் சில தடவை அழுத்திப் பிடித்துக்கொண்டே முனையைக் கால் சுற்றுத் திறந்து மூடுங்கள். மூடிய பிறகே பிடியை விட வேண்டும். குமிழ் வருவது நிற்கும் வரை இதையே செய்யுங்கள், குப்பி இடையில் வற்றக் கூடாது.

புது ஷூவோ பேட்டோ போட்டால் முதல் நாள் வாகனம் குறைந்த வீதியில் 30, 40 கிலோமீற்றர் வேகத்திலிருந்து மிதமாகப் பிடித்துக் குறைத்து, ஆறவிட்டு, மறுபடி என்று ஒரு பத்துப் பதினைந்து தடவை செய்யுங்கள். அதற்குமுன் அவசரப் பிடிக்கு அதை நம்ப வேண்டாம்.

பஞ்சிகாவத்தையில்

வாகனச் சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போகும்போது பழைய சாமானைப் பையில் எடுத்துப் போங்கள். "டியோ பெல்ட்" என்று மட்டும் கேட்டால் ஏதோ ஒரு வருடத்து டியோவுக்கு உரியதுதான் கிடைக்கும், பெல்ட்டின் எண்ணைச் சொல்லிக் கேட்பதுதான் சரி. வேர்னியரையும் கொண்டுபோய்க் கடையிலேயே அகலத்தை அளந்தால் யாரும் கோபிக்க மாட்டார்கள். கம்பனிப் பெட்டி மாதிரியே அச்சடித்த பெட்டியில் போலி வருவது சகஜம், அச்சு மங்கலா, எண் பெல்ட்டிலும் பெட்டியிலும் ஒன்றா என்று பாருங்கள். கழற்றிய பழைய சாமான் வாங்குவதில் எனக்கு ஒரு கோடு உண்டு. கேஸ், கிளட்ச் பெல், கப்பி முகம் என்றால் அளந்து பார்த்து வாங்கலாம். பெல்ட்டும் பிரேக்கும் பழையது வேண்டவே வேண்டாம்.

மலைநாட்டுக்குப் போவதானால்

நுவரெலியாவிலோ ஹட்டனிலோ சொந்தங்கள் இருக்கும், தீபாவளிக்கு வண்டியிலேயே போய்வரும் ஆசையும் இருக்கும். ஏறும்போது பெல்ட்டும் கிளட்சும் அடிபடும், ஆனால் ஆபத்து இறக்கத்தில்தான். கியர் வண்டியில் கீழ்க் கியர் போட்டு என்ஜினாலேயே பிடித்து இறங்கலாம். ஸ்கூட்டியில் அக்ஸிலேட்டரை முழுதாக விட்டு வேகமும் குறைந்துவிட்டால் கிளட்ச் விட்டுவிடும், பிறகு வண்டி சும்மா உருளும், முழுப் பாரமும் பிரேக்கில். ரம்பொடைப் பக்கமோ கடுகண்ணாவையிலோ தொடர்ந்து பிடித்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடேறி, பிடியை எவ்வளவு அழுத்தினாலும் பிடிக்காத நிலை வரும்.

அக்ஸிலேட்டரை மயிரிழை அளவு திருகிக் கிளட்ச் விடாமல் வைத்துக்கொண்டால் என்ஜின் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும். பிரேக்கை முன்னும் பின்னுமாக, பிடித்து விட்டு, பிடித்து விட்டுப் பாவியுங்கள். எரிந்த நாற்றம் வந்தாலோ, பிடி வழக்கத்தைவிட ஆழமாகப் போனாலோ ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஆறியதும் முதலில் தள்ளிக்கொண்டே இரண்டு பிடியையும் சோதித்துவிட்டு ஏறுங்கள். பின்சீற்றில் ஆளும் இரண்டு பையும் இருந்தால், கண்டியில் இறங்கி அவர்களை பஸ்ஸில் ஏற்றிவிடுவதே மேல்.